பூலாய் மலையின் தண்ணீர்

சீனப் பெருநாளை ஒட்டிய வாரங்களில் கித்தா (ரப்பர்) மரங்கள் இலையுதிர்க்கும். இலைகள் முதலில் செம்பு நிறத்துக்கு மாறும். பிறகு சில நாட்களிலேயே தோட்டம் முழுக்கச் சருகாகக் கிடக்கும். அந்தக் காலத்தில் மரத்தில் பால் சுண்டிவிடும். பால் குறைந்தால் சம்பளமும் குறையும். மலேசியாவின் ஜொகூரில், கூலாய்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் மரம் சீவிக்கொண்டிருந்த என் அம்மாவுக்கு அவை சாமான் கடையில் கடன் ஏறும் வாரங்கள். லயத்துப் பிள்ளைகளான எங்களுக்கோ பூலாய் மலைக்குப் போகும் வாரங்கள்.

பெருநாளுக்குக் கடை மூடியிருக்கும். கடைக்காரத் தவ்கேயின் லோரி சும்மா நிற்கும். அதை ஓட்டுகிற மாமா எங்கள் லயத்துக்காரர். எண்ணெய்க் காசை வீட்டுக்கு வீடு பிரித்துக்கொண்டு, விடியும் முன்பே ஏறிவிடுவோம். புளிச்சோறு, நெத்திலிச் சம்பல், அவித்த முட்டை, சீராப் கரைத்த தண்ணீர் எல்லாம் தூக்குகளில் வரும். பெண்கள் நடுவில் பாய் விரித்து உட்கார்ந்துகொள்வார்கள். நாங்கள் பக்கப் பலகையைப் பிடித்தபடி நின்றுகொண்டே போவோம்.

பூலாய் மலையின் உயரம் 654 மீட்டர். மலைநாட்டில் பிறந்தவர்களுக்கு அது ஒரு குன்று. தெற்கு ஜொகூரின் தட்டை நிலத்தில் வளர்ந்த எங்களுக்கோ உலகத்திலிருந்த ஒரே மலை அதுதான். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் நின்றால் மேற்கே நீலமாகத் தெரியும். மழை வருமா என்று அதைப் பார்த்துத்தான் பெரியவர்கள் சொல்வார்கள். பட்டை நனைந்திருந்தால் மரம் சீவ முடியாது. பால் வழிந்து வீணாகும், அன்றைய கூலியும் போகும். அதனால் அந்த மலையின் தலையில் மேகம் இருக்கிறதா இல்லையா என்பது எங்கள் அடுப்படி வரைக்கும் வந்து சேரும் செய்தி.

லோரியை விட்டு இறங்கிக் காட்டுக்குள் நடக்கிற அந்தக் கொஞ்ச தூரத்தை இன்றும் என் உடம்பு நினைவில் வைத்திருக்கிறது. நான் பிறந்ததிலிருந்து பார்த்த மரங்கள் எல்லாம் வரிசையில் நின்றவை. எங்கே நின்று பார்த்தாலும் நேர்க்கோடு, ஒரே வயது, ஒரே உயரம், மார்பளவில் ஒரே மாதிரி வெட்டு. மரத்தைக் கொல்லாமல் பட்டையை மட்டும் சீவித் திரும்பத் திரும்பப் பாலெடுக்கும் முறையை 1890களில் வகுத்துக் கொடுத்தவர் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் இயக்குநராக இருந்த ஹென்றி நிக்கோலஸ் ரிட்லி. அதற்குப் பின்னால்தான் ஜொகூரில் காடு அழிந்து கித்தா நிறைந்தது. எங்கள் முன்னோர்கள் கப்பலேறி வந்ததும் அதற்காகத்தான். எங்கள் லயம் நின்ற இடமும் அதற்கு முன் காடாகத்தான் இருந்திருக்கும். அது எப்படி இருந்திருக்கும் என்பதை நான் பூலாய் மலை அடிவாரத்தில்தான் முதன்முதலாகப் பார்த்தேன்.

அங்கே இரண்டு மரம் ஒன்றுபோல் இல்லை. மெராந்தி வகை மரங்கள் ஆளுயரப் பலகைவேர்களை விரித்துக்கொண்டு நிற்கும். அண்ணாந்தால் கழுத்து வலிக்கும்வரை கிளையே தெரியாது. ரோத்தான் கொடிகள் சட்டையைப் பிடித்து இழுக்கும். கால் வைத்த இடமெல்லாம் மெத்தென்று அமுங்கும். சிள்வண்டுகள் ஒன்று நிறுத்தினால் இன்னொன்று தொடங்கும். அட்டை ஏறாமலிருக்கப் பெரியவர்கள் எங்கள் கால்களில் புகையிலைத் தண்ணீர் தடவி விடுவார்கள். அப்படியும் ஒருவன் காலில் ஏறிவிடும். வெயில் ஏறியபின்னும் அந்த நிழலில் குளிர் குறையாது.

நீர்வீழ்ச்சி குற்றாலத்துப் பேரருவி போல உயரத்திலிருந்து ஒரே வீச்சாக விழுவதல்ல. பாறைக்குப் பாறை இறங்கி, ஒவ்வொரு பாறையின் கீழும் ஒரு குளம் தேக்கி, மறுபடி வழிந்து, கீழே வரும்போது எங்கள் முழங்காலளவு ஓடையாகிவிடும். பிள்ளைகளுக்குக் கீழ்க்குளம், வாலிபப் பையன்களுக்கு மேல்பாறை என்று யாரும் சொல்லாமலே பங்கு பிரிந்துவிடும். பெண்களுக்கு நடுவில் ஓர் இடம் உண்டு. தண்ணீர் திரை போலத் தோளளவில் விழும் பாறை அது. அம்மாவும் பக்கத்து வீட்டு அத்தைகளும் சேலையோடு அதன் கீழே போய் உட்காருவார்கள்.

மரம் சீவுகிறவர்களின் உடம்பில் ஒரு வாடை இருக்கும். புளித்த பாலும் அமிலமும் வியர்வையும் சேர்ந்தது. சோப்பு போட்டுத் தேய்த்தாலும் போகாது. தலையணையில் இருக்கும், சோற்றுத் தட்டை நீட்டும் கையிலும் இருக்கும். எனக்கு அம்மா என்றாலே அந்த வாடைதான். ஒருமுறை அந்தப் பாறையிலிருந்து எழுந்து வந்து ஈரத்தோடு என் தலையைத் துவட்டியபோது அம்மாவின் கையில் அது இல்லை. யாரோ ஒரு புது ஆள் என்னைத் தொட்டதுபோலக் கூச்சமாக இருந்தது. அன்றைக்குத்தான் அம்மா வாய்விட்டுச் சிரித்ததையும் பார்த்தேன். லயத்தில் அப்படிச் சிரிக்க அவருக்கு நேரம் இருந்ததில்லை. விடியற்காலை இருட்டில் தலைவிளக்கோடு போவார், மதியம் பால் எடை போட்டு வருவார், வந்ததும் குழாயடி.

அந்தக் குழாயடியைப் பற்றிச் சொல்லாமல் இந்தத் தண்ணீரைப் பற்றிப் பேச முடியாது. முழு வரிசை வீடுகளுக்கும் பொதுவான குழாய். காலையில் கொஞ்ச நேரம், மாலையில் கொஞ்ச நேரம் திறப்பார்கள். தகரப் பீப்பாய்கள் வரிசையில் நிற்கும்; ஆள் இல்லாவிட்டாலும் பீப்பாய் இடம் பிடித்துக்கொள்ளும். இலையுதிர் காலத்தில் குழாயில் காற்றுதான் வரும். பிறகு கிணறு. கிணறும் வற்றிக் கலங்கலாகிவிட்டால் வெள்ளைத் துணியில் வடிகட்டிக் காய்ச்சிக் குடிப்போம். தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகளுக்குக் குழாய்நீர் உள்ளிட்ட அடிப்படை வசதிகளை வற்புறுத்தும் 1990ஆம் ஆண்டுச் சட்டம் பிறகுதான் வந்தது. அதற்குள் நான் பள்ளியை முடித்துவிட்டேன்.

இந்தக் காரணத்தால்தான் பூலாய் நீர்வீழ்ச்சி எனக்கு அழகாக மட்டும் இல்லாமல் ஒரு கேள்வியாகவும் இருந்தது. வாரக்கணக்கில் மழை இல்லை. எங்கள் கிணற்றில் வாளி தட்டுகிறது. இங்கே மட்டும் எப்படித் தண்ணீர் நிற்காமல் விழுகிறது? லோரி மாமாவிடம் கேட்டேன். தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னார்:

"மேல காடு இருக்குடா தம்பி. அது மழையப் புடிச்சி வச்சிக்கிட்டுக் கொஞ்சம் கொஞ்சமா விடும். நம்ம தோட்டத்துல பேஞ்ச மழ அன்னிக்கே காண்வழியா ஓடிடுது."

பின்னாளில் நீரியல் நூல்களில் படித்ததும் இதுதான். உயரமான விதானம் மழையின் அடியைத் தாங்கிக்கொள்கிறது. தரையில் கிடக்கும் இலைமக்கு அதை உறிஞ்சுகிறது. வேர்களும் புழுக்களும் துளைத்த மண் அதை உள்ளே இறக்குகிறது. மண்ணுக்குள் இறங்கிய தண்ணீர் பாறை இடுக்குகள் வழியே நாள்கணக்கில், வாரக்கணக்கில் கசிந்து ஓடைக்கு வந்து சேர்கிறது. அன்றைய தோட்டங்களில் புல் பூண்டு இல்லாமல் தரையைச் சுத்தமாகச் செதுக்கி வைப்பார்கள். மிதிபட்டு இறுகிய மண். விழுந்த மழை மண்ணையும் வாரிக்கொண்டு வடிகால் காணில் செம்மஞ்சளாக ஓடும். ஒரே வானம், ஒரே மழை. மலையில் மாசிவரைக்கும் தங்கியது, எங்களிடம் மாலைவரைகூடத் தங்கவில்லை.

ஆனால் சுற்றிலும் இத்தனை காடு அழிந்தபோது பூலாய் மலைக்காடு மட்டும் ஏன் தப்பியது? அதற்கும் விடை தண்ணீர்தான். தடை எச்சரிக்கைப் பலகைகளும் வேலியும் இருந்த பக்கம் ஒன்று உண்டு. அதற்கப்பால் அணைக்கட்டு என்பார்கள். 1927 டிசம்பர் 5ஆம் நாள் சிங்கப்பூர் நகராட்சிக்கும் ஜொகூர் சுல்தான் இப்ராஹிமுக்கும் இடையே கையெழுத்தான ஒப்பந்தப்படி, பூலாய் மலையில் 2,100 ஏக்கர் நிலம் தண்ணீருக்காகச் சிங்கப்பூருக்குக் குத்தகையானது. ஏக்கருக்கு ஆண்டு வாடகை 30 காசு. மலைத்தண்ணீர் தேக்கப்பட்டுச் சுத்திகரிக்கப்பட்டு, 1924ல் திறக்கப்பட்ட ஜொகூர்ப் பாலத்தின் மேல் குழாய் வழியே தீவுக்குப் போனது. 1942 ஜனவரி 31ஆம் நாள், பின்வாங்கிய பிரிட்டிஷ் படை அந்தப் பாலத்தை வெடி வைத்து உடைத்தபோது தண்ணீர்க் குழாயும் சேர்ந்தே அறுந்தது. சிங்கப்பூர் சரணடைந்த கதையில் தண்ணீர்த் தட்டுப்பாட்டுக்குப் பெரிய பங்குண்டு.

ஒரு நகரத்தின் தாகத்துக்காக ஒரு மலையின் மரங்கள் காப்பாற்றப்பட்டன. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. அந்த ஒப்பந்தம் இல்லாதிருந்தால் அடிவாரத்திலிருந்து உச்சிவரை கித்தாவும் பிறகு செம்பனையும் ஏறியிருக்கும் என்றே நினைக்கிறேன். என் அம்மா உட்கார்ந்த பாறையில் மழைநாளில் மட்டும் சேறு வழிந்திருக்கும். ஆனாலும் அடிவாரத்து லயங்களில் பீப்பாய்கள் வரிசையில் காத்திருந்ததையும் சேர்த்துத்தான் அந்த வரலாற்றைச் சொல்ல வேண்டும்.

அந்த மலையின் தண்ணீருக்கு இன்னொரு முகமும் உண்டு. சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய ஒரு நாளில் அதைப் பார்த்தேன்.

இரண்டு பருவக்காற்றுகளுக்கு இடைப்பட்ட மாதங்களில் ஜொகூரில் காலை வெயில் கொளுத்தும். மதியத்துக்குப் பின் மலைத்தலையில் மேகம் கூடி இடிக்கும். அடிவாரத்தில் ஒரு துளி விழாமல் மேலே மட்டும் கொட்டுவது அப்போது வழக்கம். அன்றும் எங்கள் மேல் வெயில்தான். எங்களோடு வந்த பெரியாயி (லயத்துக்கே மருத்துவச்சி அவர்) குளிக்க மாட்டார். கரைப்பாறையில் உட்கார்ந்து கால்களைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு வெற்றிலை மெல்லுவார். திடீரென மெல்லுவதை நிறுத்தினார். தண்ணீரில் கொத்தாக நாலைந்து சருகுகள் வந்தன. பின்னால் இன்னும் கொஞ்சம். கையை விட்டுத் தண்ணீரை அள்ளிப் பார்த்தார். கண்ணாடி போலிருந்த தண்ணீர் லேசாகத் தேயிலைச் சாய நிறம் கொண்டிருந்தது.

"ஏறுங்க! எல்லாம் ஏறுங்க! சட்டத் துணிய விடுங்கடி, புள்ளயத் தூக்குங்க!"

அந்தக் குரலுக்கு முன்னால் யாரும் ஏன் என்று கேட்கவில்லை. எதிர்ப்பக்கப் பாறையில் ஒரு மலாய்க்காரர் தன் மகனோடு உட்கார்ந்திருந்தார். பெரியாயி அவரைப் பார்த்து, தனக்குத் தெரிந்த தோட்டத்து மலாயில், "நாயேக்! ஆயர் நாயேக்!" (ஏறு! தண்ணீர் ஏறுது!) என்று இரண்டு கைகளையும் வீசிக் கத்தினார். அவர் ஒரு கணம் மேலே பார்த்தார், பையனைத் தோளில் போட்டுக்கொண்டு சரிவில் பாய்ந்து ஏறினார். கொஞ்ச நேரத்துக்கு ஒன்றும் நடக்கவில்லை. பிறகு காட்டுக்குள்ளிருந்து ஓர் உறுமல் வந்தது, பச்சை மண்வாடையோடு குளிர்ந்த காற்று வந்தது, அதன் பின்னால் தண்ணீர் வந்தது. பழுப்பு நிறம். கட்டைகளும் கிளைகளும் முட்டிக்கொண்டு உருண்டன. நாங்கள் சோறு சாப்பிட்ட பாறையைக் காணோம். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்திருந்த பிடியின் தடம் வீட்டுக்கு வந்த பிறகும் சிவந்திருந்தது.

மலாய்க்காரர்கள் இந்தத் திடீர் வெள்ளத்தைக் 'கெப்பாலா ஆயர்' என்பார்கள். சரிவு செங்குத்தானது, ஓடைகள் குறுகியவை. மேலே பெய்த பெருமழைக்குக் கீழே வந்துசேர அதிக நேரம் ஆவதில்லை. சில சமயம் விழுந்த மரங்களும் சருகுக் குவியலும் ஓடையை அடைத்துத் தற்காலிக அணையாகி, திடுமென உடைத்துக்கொள்ளும். மலேசிய நீர்வீழ்ச்சிகளில் ஆண்டுதோறும் உயிர்கள் போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். தெளிந்த நீர் நிறம் மாறுவது, சருகும் சுள்ளியும் திடீரெனக் கூடுவது, மேலே இரைச்சல் கேட்பது: இவற்றில் ஒன்றைக் கண்டாலும் செருப்பையும் பையையும் தேடாமல் மேட்டில் ஏறிவிட வேண்டும். ஓடையின் போக்கிலே கீழ்நோக்கி ஓடக்கூடாது, பக்கவாட்டில் ஏற வேண்டும். பெரியாயிக்கு எழுத்து தெரியாது. அன்று அவர் தண்ணீரைப் படித்ததால் இரண்டு கரையிலும் பிள்ளைகள் உயிரோடு வீடு திரும்பினோம். என் பிள்ளைகளை எந்த ஆற்றுக்கு அழைத்துப் போனாலும் முதலில் அவரைப் பற்றித்தான் சொல்வேன்.

பின்னர் எங்கள் தோட்டம் துண்டாடப்பட்டது. கித்தாவை வெட்டிச் செம்பனை நட்டார்கள், பிறகு ஒரு பகுதியில் வீடமைப்புத் திட்டம் வந்தது. நாங்கள் மாசாய்க்குக் குடிபெயர்ந்தோம். நான் பாலம் கடந்து சிங்கப்பூரில் ஒரு தொழிற்சாலையில் பராமரிப்பு வேலைக்குப் போய்வந்தேன். விடியற்காலையில் பாலத்தில் நெரிசலில் நிற்கும்போது ஓரமாகப் போகும் பெரிய குழாய்களைப் பார்ப்பேன். தொழிற்சாலையின் குழாயில் முகம் கழுவிவிட்டு, இந்தத் தண்ணீரில் பூலாய் மலைக்கும் ஒரு பங்கு உண்டு என்று அம்மாவிடம் வந்து சொன்னேன். நம்பவில்லை. "அம்புட்டுத் தூரமா?" என்றார். பிறகு யோசித்து, "அங்க குழாய் எந்நேரமும் வருமா?" என்று கேட்டார். வரும் என்றேன். "நல்லா இருக்கட்டும், குடிக்கட்டும்," என்றார். அதை முழு மனதோடுதான் சொன்னார். குழாயடியில் பாதி வாழ்க்கையைக் கழித்தவருக்கு, யார் வீட்டுக் குழாயில் தண்ணீர் வந்தாலும் மகிழ்ச்சிதான்.

2001 டிசம்பர் 27. வடகிழக்குப் பருவமழை ஜொகூருக்குப் புதிதல்ல, ஆனால் அன்று வந்தது புயல். வாமேய் என்று பெயர் வைத்தார்கள். நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஒன்றரைப் பாகை அளவில் உருவாகித் தென்கிழக்கு ஜொகூரில் கரை கடந்தது. அவ்வளவு அருகில் பூமியின் சுழற்சியால் வரும் விசை மிகவும் பலவீனம். காற்று சுழன்று புயலாவது அரிது. அதுவரை பதிவான புயல்களில் நிலநடுக்கோட்டுக்கு மிக நெருங்கியது அதுதான். இப்படி ஒன்று 100 முதல் 400 ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் நிகழக்கூடும் என்று வானிலை ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். அந்த மழையில் பூலாய் மலையின் சரிவு இளகி, மண்ணும் பாறையும் முழு மரங்களும் ஒன்றாகப் பள்ளத்தாக்கில் இறங்கின. அடிவாரத்து வீடுகள் அடித்துச் செல்லப்பட்டன. ஐந்து பேர் மாண்டார்கள்.

செய்தியைக் கேட்ட இரவு அம்மா தூங்கவில்லை. இறந்தவர்களை எங்களுக்குத் தெரியாது. ஆனால் அந்த இடத்தைத் தெரியும். அங்கே தண்ணீர் எப்படி வரும் என்பதும் தெரியும். லோரி மாமா சொன்ன பாடத்தின் எல்லையையும் அன்றுதான் உணர்ந்தேன். காடு மழையைப் பிடித்துவைக்கும் என்பது உண்மை. ஆனால் அதற்கும் ஓர் அளவு உண்டு. மண் தாங்கும் அளவுக்கு மேல் நனைந்துவிட்டால், வேர்களோடு சேர்ந்தே சரிவு நகர்ந்துவிடும். மலையடிவாரத்தில் எங்கே வீடு கட்டலாம், ஓடையின் எவ்வளவு அருகில் கூடாது என்பதை மனிதர்கள்தான் முடிவு செய்தாக வேண்டும். அந்தப் பொறுப்பைக் காட்டின் மேல் போட முடியாது.

அதன்பின் நீர்வீழ்ச்சிப் பகுதி பல ஆண்டுகள் மூடிக் கிடந்தது. 2011 ஆகஸ்ட் 31ஆம் நாள், பழைய ஒப்பந்தத்துக்குப் பதிலாக 1961ல் கையெழுத்தான தண்ணீர் ஒப்பந்தம் முடிவுக்கு வந்ததும், பூலாய் மலையின் நீர்நிலையங்களைச் சிங்கப்பூர் ஜொகூரிடம் ஒப்படைத்தது. செய்தித்தாளைப் படித்துக் காட்டினேன். "அப்ப இனி நமக்கா?" என்று அம்மா கேட்டார்.

2015ல் மழை பொய்த்தது. சுங்கை லாயாங், சுங்கை லெபாம் அணைகளில் நீர் இறங்கியது. மாசாய், பாசிர் கூடாங், கோத்தா திங்கி வட்டாரங்களில் முறைவைத்துத் தண்ணீர் விட்டார்கள். அம்மா எங்கிருந்தோ பழைய பிளாஸ்டிக் டிரம்களை வாங்கிவந்து வாசலில் அடுக்கினார். பேரப்பிள்ளைகளுக்கு ஒரு குவளையில் பல் துலக்கவும், அரிசி கழுவிய தண்ணீரைச் செடிக்கு ஊற்றவும் கற்றுக் கொடுத்தார். அண்டை வீட்டுச் சீனப் பெண் வேலைக்குப் போயிருக்கும்போது அவருடைய டிரம்மையும் இவரே நிரப்பி வைத்தார். மழை இல்லாத வறண்ட நாட்டில் அல்ல, ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் ஜொகூரில் இது நடந்தது.

ஒரு நாள் இரவு டிரம் நிரம்புவதற்காகக் காத்திருக்கும்போது அம்மா சொன்னார்:

"நீ ஒரு எட்டுப் போய் பூலாயப் பாத்துட்டு வா. தண்ணி வருதான்னு பாரு."

போனேன். உச்சியிலுள்ள தொலைத்தொடர்புக் கோபுரங்களுக்குச் செல்லும் தார்ச்சாலையில் ஏறி நடந்தேன். காலை நடைக்கு வந்த பல இனத்தவரும் வழியில் வணக்கம் சொன்னார்கள். புகைமூட்டத்தில் தூரத்து நகரம் எதுவும் தெரியவில்லை. ஒரு வளைவில் சாலைக்குக் கீழே சிறிய ஓடையைக் கண்டேன். முன்பு பார்த்ததைவிட மெலிந்திருந்தது, ஆனால் ஓடிக்கொண்டிருந்தது. இறங்கிக் கை நனைத்தேன். சில்லென்று தெளிவாக இருந்தது. சருகோ கலங்கலோ இல்லை. கைபேசியில் படம் பிடித்துக்கொண்டு வந்து அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். தண்ணீரைப் பார்த்த பிறகு, படத்தின் மேல்பகுதியைப் பெரிதாக்கிக் காட்டச் சொன்னார். அங்கே மரங்கள் இருந்தன. அவை பெரிய மரங்களா, புதுசா நட்டவையா என்று கேட்டார். பெரிய மரங்கள்தான் என்றேன். பக்கத்தில் வெட்டுகிறார்களா என்று அடுத்த கேள்வி. நான் பார்த்த பக்கத்தில் இல்லை என்றேன்.

"மத்தப் பக்கத்தையும் பாத்துட்டு வந்திருக்கலாமில்ல," என்றார். மறு வாரம் அவரையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு மலையைச் சுற்றிவரப் புறப்பட்டோம்.